இரண்டாம் தடவை எழுதினால் என்ன? – புதுக்கடையும் நாமும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் விட்டுவிட்டுக் கருத்துப் போட வரவேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.

சென்ற வாரம் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது ஒரு பெரியவர் எங்களை மறித்துக் கேட்டார்: "சேர், அந்தப் புள்ள சட்டக் கல்லூரிச் சோதினைய திரும்பவும் எழுதப் போகுதாமே? ஒருக்கா எழுதிச் சரிவரல்லதானே. இனி நல்ல இடமொண்டப் பார்த்துக் குடுக்காம, ஏன் நீங்களும் சேர்ந்து அதுட மனசக் கெடுக்கிறீங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் வாப்பாவுக்கு நெருங்கிய கூட்டாளி அவர். ஆனால் அதே கேள்வி அடுத்த நாள் மீன் சந்தையிலும் வந்தது, அதற்கடுத்த நாள் ஒரு கலியாண வீட்டுச் சஹனிலும் வந்தது. பிள்ளையின் உம்மா இப்போது எங்கள் வகுப்புக்கு அவளை அனுப்புவதற்கே யோசிக்கிறார். "ஊர் கதைக்குது சேர்" என்கிறார். இந்த ஒருமுறை மட்டும் எழுதட்டும், இதிலும் சரிவராவிட்டால் கலியாணம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. ஊர் இப்படியே கதைத்துக்கொண்டிருந்தால் அந்த ஒருமுறையும் நடக்காது போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று ஆசிரியர்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலையில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறோம். கட்டணம் கிடையாது. ஆறு பேர் வருகிறார்கள். அவர்களில் நான்கு பேர் இரண்டாம் தடவை எழுதுபவர்கள். எங்களில் ஒருவர் அந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டிலும் தெரிவாகாமல் ஆசிரியத் தொழிலுக்கு வந்தவர். அதை அவர் ஒளிப்பதில்லை. எனவே இரண்டாம் தடவை எழுதினால் கட்டாயம் கிடைக்கும் என்று யாருக்கும் நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டாம் தடவை எழுதுவது ஒரு குறை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. நமது சமூகம் சட்டத் துறைக்குள் நுழைந்த வரலாற்றில் அப்படியொரு பேச்சைக் காணவில்லை.

அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

கொழும்பில் ஹல்ஸ்டோர்ப் என்று ஆங்கிலத்திலும் அளுத்கடே என்று சிங்களத்திலும் சொல்லும் இடத்தை நாம் புதுக்கடை என்போம். உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் இருக்கிற இடம். அங்கே கல்லூரி வருவதற்கு முன்பே பரீட்சை இருந்தது. 1833 ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் அட்வகேட்டுகளையும் புரொக்டர்களையும் அனுமதிக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. நன்னடத்தையும் போதிய சட்ட அறிவும் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். 1874 இல் சட்டக் கல்விச் சபை உருவானது. 1900 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அச்சபைக்குச் சட்ட அந்தஸ்தைக் கொடுத்தது. இவ்வளவு காலமும் எல்லாமே ஆங்கிலத்தில்தான்.

நமக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். மார்க்கம் மாறிவிடுமோ என்ற பயத்தில் நம் முன்னோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. அந்தப் பயத்தை இன்று நாம் இலேசாகச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் பெரியது. 1806 இலேயே நம் திருமணம், வாரிசுரிமை பற்றிய முஹம்மதியச் சட்டக்கோவை இந்த நாட்டில் எழுத்தில் வந்துவிட்டது. நம் பாகப்பிரிவினையும் நம் மஹரும் சட்டப் புத்தகத்தில் இருந்தன. அந்தப் புத்தகத்தை நீதிமன்றத்தில் வாசித்துப் பொருள் சொன்னவர்களோ பெரும்பாலும் நம்மவர்கள் அல்லர். உம்மாவின் வளவில் தனக்குள்ள பங்கை இன்னொருவர் ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்லக் கேட்டுத் தலையாட்டிய சமூகம் நாம்.

அந்தக் காலத்தில் கண்டியில் ஆங்கிலமும் சட்டமும் படித்துப் புரொக்டரானவர்தான் முஹம்மது காசிம் சித்தி லெப்பை (1838–1898). நம் பிள்ளைகளுக்கு அவரை "முஸ்லிம் நேசன்" பத்திரிகை நடத்தியவராகவும் "அசன்பேயுடைய கதை" எழுதியவராகவும் தெரியும். சட்டத்தில் உழைத்தவர் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு போய்விடுகிறது. சட்டத் தொழிலில் இருந்துகொண்டே அவர் கண்டது இதைத்தான்: வழக்குக்கு வரும் முஸ்லிமுக்குத் தன் வழக்கு என்னவென்றே தெரியாது. பின்னர் அவர் தொழிலை விட்டுக் கல்விப் பணிக்கு வந்தார். 1884 இல் கொழும்பில் அவர் முன்னின்று தொடங்கிய பாடசாலை போதிய ஆதரவில்லாமல் தளர்ந்தது. பணக்காரர்கள் ஒதுங்கினார்கள், பெற்றோர் தயங்கினார்கள். 1892 இல் மருதானையில் வாப்பிச்சி மரிக்கார், ஒராபி பாஷா போன்றோரின் துணையோடு மீண்டும் ஒரு பாடசாலை எழுந்தது. அதுதான் இன்றைய ஸாஹிரா. "ஒருக்கா செய்து சரிவரல்லதானே" என்று அன்று சித்தி லெப்பையிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள் என்பது எங்கள் ஊகம். அவர் அதைக் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாங்கள் எழுதத் தேவையில்லை.

அடுத்தது 1905. தொப்பிக் கதை. இது நம்மூரில் அநேகருக்குத் தெரியாது என்பது வருத்தம்தான்.

எம்.சி. அப்துல் காதர் என்ற அட்வகேட், துருக்கித் தொப்பி அணிந்து நீதிமன்றத்தில் தோன்றினார். ஒராபி பாஷா எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883 இல் இங்கு வந்த பிறகு நம் படித்தவர்களிடையே பரவிய தொப்பி அது. தொப்பியோடு தோன்ற முடியாது என்று பிரதம நீதியரசர் சேர் சார்ல்ஸ் லேயார்ட் தடுத்துவிட்டார். யோசித்துப் பாருங்கள். எத்தனை பரீட்சை எழுதி, எத்தனை வருஷம் படித்து, கடைசியில் நீதிமன்றப் படியேறிய ஒரு மனிதரிடம் தலையில் இருப்பதைக் கழற்றிவிட்டு வா என்கிறார்கள்! அவர் கழற்றவில்லை. அது தனிப்பட்ட ஒருவரின் பிரச்சினையாக முடிந்துபோகவும் இல்லை. மனுக்கள் போயின. கூட்டங்கள் நடந்தன. 1905 டிசம்பர் 31 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடியது. பம்பாயிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் என்ற பாரிஸ்டர் வந்து பேசினார். கடைசியில் தடை விலகியது.

அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு சட்டப் புத்தகத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். வியாபாரிகள், தொழிலாளிகள், மாட்டுவண்டிக்காரர்கள். ஒரு அட்வகேட்டை ஒருமுறை வாசலில் நிறுத்தினார்கள் என்றதும் அவர் மறுபடி உள்ளே போகும்வரை பின்னால் நின்றார்கள். இன்று நம்மூரில் ஒரு பிள்ளை வாசலில் ஒருமுறை நிறுத்தப்பட்டிருக்கிறாள். பின்னால் நிற்க வேண்டிய நாம் கலியாண வீட்டில் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

(எழுதி முடித்தபின் இந்த வரியை நீக்கலாமா என்று எங்களுக்குள் வாதம் வந்தது. இருவர் இருக்கட்டும் என்றோம்.)

நம் சமூகத்தை விட்டு வெளியே ஒரு சம்பவம். ஆனால் நமது சட்டத்தோடு நேரடித் தொடர்புள்ளது, அதனால் சொல்கிறோம்.

மோகன்தாஸ் காந்தி 1888 இல் பாரிஸ்டர் படிப்புக்கு இலண்டன் போனார். இன்னர் டெம்பிள் என்ற சட்ட விடுதியில் சேர்ந்தார். பாரிஸ்டர் பரீட்சை அன்று அவ்வளவு கடினமில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். கூடவே உருப்படியாக ஒன்றைப் படிக்க வேண்டும் என்று இலண்டன் மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பித்தார். அதற்கு இலத்தீன் மொழி கட்டாயம். முதல் தடவை எழுதினார். மற்றப் பாடங்கள் சரி, இலத்தீனில் தவறிவிட்டார்.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் எங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்கமாகச் சொல்கிறோம். முதலாவது, அவர் இலத்தீனை விடவில்லை, மறுபடியும் உட்கார்ந்தார். இரண்டாவது, விஞ்ஞானப் பாடத்தை மாற்றினார். முதல் தடவை இரசாயனவியல் எடுத்தவர், அது தனக்கு ஒட்டவில்லை என்று கண்டு, அடுத்த தடவை வெப்பமும் ஒளியும் எடுத்தார். தேறிய பாடத்தையே மாற்றினார் என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது, வாழ்க்கைச் செலவைக் குறைத்தார். இரண்டு அறைகளை விட்டு ஒரே அறைக்குப் போனார். அடுப்பொன்று வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தானே செய்து குடித்தார். அப்படிப் படித்து அடுத்த தடவை தேறினார். 1891 ஜூன் மாதம் பாரிஸ்டரும் ஆனார்.

இதில் நமக்கு என்ன? கஷ்டப்பட்டுப் படித்த அந்த இலத்தீனைக் கொண்டு அவர் உரோமச் சட்டத்தை மூல மொழியிலேயே வாசித்தார். பிறகு தென்னாபிரிக்கா போனபோது அது கைகொடுத்தது. ஏனென்றால் அந்த நாட்டின் பொதுச் சட்டம் உரோம-டச்சுச் சட்டம். நம் நாட்டின் பொதுச் சட்டமும் அதேதான். ஒல்லாந்தர் இங்கே விட்டுப்போனது. காணி, ஒப்பந்தம், நட்டஈடு பற்றிய வழக்குகளில் இன்றும் அதன் வேர் இருக்கிறது. முதல் தடவை அவரைத் தவறவைத்த பாடமே பின்னாளில் அவருடைய தொழிலுக்கு உதவியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே இலண்டனில் சில வருஷங்களுக்குப் பின் லிங்கன்ஸ் இன் விடுதியில் சேர்ந்த முஹம்மது அலி ஜின்னா, நுழைவுப் பரீட்சையில் இலத்தீன் பகுதியிலிருந்து தனக்கு விலக்குத் தருமாறு விண்ணப்பித்துப் பெற்றுக்கொண்டார். அவரும் பெரிய சட்ட மேதைதான். எல்லாரும் ஒரே வாசலால்தான் போக வேண்டுமென்றில்லை. (எங்கள் வகுப்பில் ஒரு பொடியன் உடனே கையுயர்த்தி, "சேர், அப்ப எங்களுக்கும் பொது அறிவுப் பகுதிக்கு விலக்குக் கேட்கலாமா?" என்றான். கேட்க முடியாது மகன்.)

பெண்களின் கதைக்கு வருவோம். இந்த நாட்டில் ஒரு பெண் எத்தனை பரீட்சை எழுதித் தேறினாலும் வழக்கறிஞராக முடியாது என்ற நிலை 1933 வரை இருந்தது. அந்த ஆண்டில்தான் சட்டத் தொழிலில் பெண் என்ற காரணத்தால் இருந்த தடை கட்டளைச் சட்டம் ஒன்றால் நீக்கப்பட்டது. அதற்கு முன்பு பெண்ணுக்கு முதலாம் தடவை என்பதே இல்லை. தொண்ணூறு வருஷங்கள் கழித்து நாங்கள் இரண்டாம் தடவையைப் பற்றிச் சண்டை பிடிக்கிறோம்.

"எங்கட பெண்களுக்குக் காதி நீதிமன்றம் இருக்குத்தானே, அங்க சட்டத்தரணிக்கு வேலையில்லையே" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. காதியார் முன்னிலையில் சட்டத்தரணி தோன்ற முடியாது என்பது உண்மை. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் காதியார் பிள்ளைச் செலவுக்குக் கட்டளையிட்டபின் புருஷன் கட்டாவிட்டால் அந்தப் பெண் எங்கே போகிறாள்? நீதவான் நீதிமன்றத்துக்கு. அங்கே அவள் யாரிடம் வாய்திறந்து கதைப்பாள்? வீட்டு வன்முறைக்கு எதிராக 2005 இல் வந்த சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்பதும் அங்கேதான். காணி வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில். நம்மூர்ப் பெண்கள் கடதாசிகளை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு நீதிமன்ற வளவில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்காதவர் யார்? நாங்கள் சொல்லும் இந்தப் பிள்ளையும் அதைத்தான் பார்த்தாள். தன் சாச்சியோடு துணைக்குப் போய் ஒரு நாள் முழுக்க அங்கே இருந்தவள். சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் வந்தது என்கிறாள்.

இனி மொழி. சுதந்திரத்துக்குப் பின் பாடசாலைக் கல்வி சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறியது. சட்டக் கல்வியும் காலப்போக்கில் மும்மொழிக்கு வந்தது. அட்வகேட், புரொக்டர் என்ற இரண்டு வகுப்பும் 1973 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒன்றாகி, எல்லோரும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்கு வந்தார்கள். விவசாயியின் பிள்ளைக்கும் மீனவரின் பிள்ளைக்கும் புதுக்கடை கிட்ட வந்தது அதன் பிறகுதான். இன்று கிழக்கில் நாம் அறிந்த சட்டத்தரணிகளில் எத்தனை பேர் தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழியாகத் தமிழுக்கு அரசியலமைப்பிலேயே இடமிருக்கிறது. அந்த ஏற்பாடு வேலை செய்ய வேண்டுமானால் தமிழில் சட்டம் தெரிந்தவர்கள் வேண்டும்.

ஆனால் அந்த வாசலும் நிலையாக இருக்கவில்லை. 2020 டிசம்பர் இறுதியில் வெளியான வர்த்தமானி, சட்டக் கல்லூரியின் கற்கையும் பரீட்சைகளும் ஆங்கிலத்திலேயே நடக்கும் என்றது. அந்த நாட்களில் எங்கள் மாணவர் சிலர் சட்டம் என்ற ஆசையையே விட்டுவிட்டார்கள். பின்னர் 2023 மார்ச்சில் அந்த விதிகள் பாராளுமன்றத்துக்கு வந்தபோது தோற்கடிக்கப்பட்டன. சந்தோஷம்தான். அதற்காக ஆங்கிலம் தேவையில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் நாட்டின் பழைய தீர்ப்புத் தொகுதிகள், புதிய சட்ட அறிக்கைகள் என்று சொல்வோமே, அவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழில் பரீட்சை எழுதி உள்ளே போகிற பிள்ளையும் உள்ளே போனபின் அவற்றை வாசித்துத்தான் ஆக வேண்டும். இதில் பிள்ளைகளிடம் பொய் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. வாசலில் ஆங்கிலத்தை வைத்து ஏழைப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது வேறு; உள்ளே எடுத்துக் கற்றுக்கொடுப்பது வேறு.

கடைசியாக, எல்லாருக்கும் நினைவிருக்கிற, யாரும் கதைக்க விரும்பாத விஷயம். 2013 ஜனவரி. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் முஸ்லிம் மாணவர்களுக்குச் சாதகமாகப் பெறுபேறுகள் மாற்றப்பட்டன என்று சொல்லிப் பொது பல சேனா அமைப்பினர் புதுக்கடையில் போய் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பட்டியலில் பெயர்களை எண்ணினார்கள். முஸ்லிம் பெயர் கூடிவிட்டது என்றார்கள். பரீட்சைத் திணைக்களத்தின் விடைத்தாளில் பெயர் இருக்காது, சுட்டிலக்கம்தான் இருக்கும் என்பது இந்த நாட்டில் சாதாரண தரம் எழுதிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அது யார் காதிலும் ஏறவில்லை.

அந்த வருஷம் தெரிவான பிள்ளைகளுக்கு நேர்ந்தது பெரிய அநியாயம். உழைத்துப் பெற்ற இடத்தைக் களவெடுத்த இடம் போலப் பார்த்தார்கள். அந்தப் பெயர்ப் பட்டியலில் ஒரு விஷயம் இருக்கவில்லை: யார் எத்தனையாவது தடவை எழுதினார் என்பது. முதல் வருஷம் தவறி, கடையில் கணக்கெழுதிக்கொண்டே இரவில் படித்து, அடுத்த வருஷம் வந்தவர்கள் அதில் இருந்தார்கள். அதைச் சொல்லியிருந்தால் வந்தவர்கள் நம்பியிருப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் நாமே சொல்லவில்லையே. இரண்டாம் தடவை எழுதியவர் என்பதை நம் வீடுகளிலும் மறைத்துத்தான் வைத்தோம். வெளியில் இருந்தவர் களவு என்றார், உள்ளே இருந்த நாம் வெட்கம் என்றோம். நடுவில் உழைப்பு காணாமல் போய்விட்டது.

சரி, வகுப்புக்கு வருவோம்.

இரண்டாம் தடவை எழுதும் பிள்ளையிடம் நாங்கள் முதலில் கேட்பது, "எத்தனை புத்தகம் வாங்கின?" என்றல்ல. முதல் தடவை மண்டபத்தில் என்ன நடந்தது என்று ஒரு கடதாசியில் எழுதச் சொல்கிறோம். எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் போனது, எதை ஊகித்து எழுதினாய், எதை வாசிக்காமலே விட்டாய். பெரும்பாலான பிள்ளைகள் முதல் நாள் இதை எழுத மாட்டார்கள், அழுவார்கள். இரண்டாம் கிழமை எழுதுவார்கள்.

இந்தப் பிள்ளை எழுதிய கடதாசியில் விஷயம் தெளிவாக இருந்தது. நுண்ணறிவுக் கேள்விகளில் அவளுக்குப் பயமில்லை. எண் தொடர், திசை, உறவுமுறை எல்லாம் வேகம். மொழிப் பகுதியில்தான் தடுக்கி விழுந்திருக்கிறாள். நீண்ட பந்தியைக் கொடுத்து மூன்றிலொன்றாகச் சுருக்கி எழுதச் சொன்னால், அவள் அழகான வசனங்களைப் பொறுக்கி எடுத்து ஒட்டிவிடுகிறாள். அது சுருக்கம் அல்ல. தமிழ்ப் பாடத்தில் எப்போதும் ஏ எடுத்த பிள்ளை என்பதால் மொழிப் பகுதிக்கு முதல் தடவை ஒரு நாள்கூடப் படிக்கவில்லையாம். நம் பாடசாலைகளில் நடக்கும் தவறு இது. நயம் எழுதப் பழக்குகிறோம், மற்றவர் சொன்னதை அவர் சொன்ன பொருள் மாறாமல் சுருக்கிச் சொல்லப் பழக்குவதில்லை. ஒரு சட்டத்தரணி நீதவான் முன் செய்யும் வேலையே அதுதான். குற்றம் எங்களுடையது என்று அவளிடம் சொன்னோம்.

ஆகவே இப்போது ஒவ்வொரு நாளும் ஒரு பத்திரிகை ஆசிரியத் தலையங்கம். மூன்றிலொன்றாகச் சுருக்க வேண்டும். ஒரு சொந்தச் சொல்லும் அபிப்பிராயமும் கூடாது. தினகரன் ஒரு நாள், வீரகேசரி ஒரு நாள், விடிவெள்ளி வந்தால் அது. மணிக்கூட்டை மேசையில் வைத்து எழுதுகிறாள். பொது அறிவுக்கு அரசியலமைப்பை அதன் மூலத்திலேயே வாசிக்கச் சொல்லியிருக்கிறோம், குறிப்புப் புத்தகத்தில் அல்ல. தமிழ்ப் பிரதி பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் சிணுங்கினாள். அடிப்படை உரிமைகள் அத்தியாயம் முடிந்ததும் தானாகவே அடுத்ததைக் கேட்டாள்.

இரண்டு தடவை எழுதித் தெரிவாகாத எங்கள் ஆசிரியர்தான் இந்தச் சுருக்கங்களைத் திருத்துகிறார். தான் எந்த இடத்தில் விழுந்தார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இப்போது அவளுடைய சுருக்கங்களில் சிவப்பு மை குறைந்துவருகிறது. கிடைக்குமா என்று கேட்டால், போட்டிப் பரீட்சை, எடுப்பதோ குறிப்பிட்ட தொகை, அல்லாஹ்தான் அறிவான் என்போம். தெரிவாகாவிட்டாலும் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் படிப்புக்கும் ஒரு தெரிவுப் பரீட்சை இருக்கிறது. அதையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறோம், அவளுடைய வாப்பாவுக்கும் சொல்லியிருக்கிறோம். வாப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் மேசையில் வைக்கும் மணிக்கூட்டுக்குப் புது பெற்றரி வாங்கிப் போட்டிருந்தார் என்று பிள்ளை சொன்னாள்.

உறவுகளிடம் நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். வீட்டில் பழைய பத்திரிகை கிடந்தால் கடைக்குப் பொதிசுற்றக் கொடுக்க முன் எங்களுக்குத் தாருங்கள். கடந்த ஆறு மாதத்துப் பத்திரிகை என்றால் மிக நல்லது. நம்மூரிலிருந்து போய்ச் சட்டத்தரணியானவர்கள் லீவில் வரும்போது ஒரு சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் வந்து பிள்ளைகளோடு கதையுங்கள். எத்தனையாவது தடவையில் தெரிவானீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வகுப்பு சனிக்கிழமை அஸருக்குப் பின், மேல் மாடியில் இரண்டாவது அறை. மின்விசிறி வேலை செய்யாது. ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலோடு வரவும்.